இங்கிலாந்து போலீஸ் காவலில் இருப்பவரின் உரிமைகள்: உருதுவில் எந்தச் சொல்?

#1 மொழிக்கூலி

இங்கிலாந்து, வேல்ஸ் காவல் நிலையங்களில் கைதானவர் கையில் கொடுக்கும் உரிமை அறிவிப்பின் உருது வரைவு ஒன்று சரிபார்க்க வந்திருக்கிறது. சட்டம் 1984ஆம் வருஷத்து 'பேஸ்' (போலீஸ், குற்றவியல் சாட்சியச் சட்டம்), காவலில் வைப்பதற்கான நடைமுறை விதி 'கோட் சி'. மொழிபெயர்த்தவர் பாகிஸ்தான் சட்ட அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். உருது நடையில் குறை இல்லை. ஆனால் கீழே உள்ள இடங்கள் உறுத்துகின்றன:

சஸ்பெக்ட் – முல்ஸிம்
டியூட்டி சொலிசிட்டர் (காவலில் இருப்பவருக்கு இலவசமாக ஆலோசனை தரும் வக்கீல்) – சர்க்காரி வக்கீல்
சார்ஜ் – ஃபர்தே ஜுர்ம்
பெயில் – ஸமானத்
காஷன் (கேள்வி கேட்கும் முன் போலீஸ் சொல்லும் எச்சரிக்கை வாசகம்) – தன்பீஹ்
இன்டர்பிரெட்டர் – தர்ஜுமான்
அப்ரோப்ரியேட் அடல்ட் – முனாசிப் பாலிக்

இதில் எவை சும்மா நடை விஷயம், எவை ஆளையே தவறான முடிவுக்குத் தள்ளும் விஷயம்? உருதும் கோர்ட் வேலையும் தெரிந்தவர்கள் சொல்லவும்.

#2 பாலாற்றங்கரை

இரண்டாவதை இன்றைக்கே மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பாகிஸ்தானிலும் சரி, வட இந்தியாவிலும் சரி, சர்க்காரி வக்கீல் என்றால் அரசுத் தரப்பு வழக்கறிஞர், அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டர். காவலில் இருப்பவனிடம் "உனக்கு இலவசமாக சர்க்காரி வக்கீல் வருவார்" என்றால் அவன் வேண்டாம் என்றுதான் சொல்வான். நமக்கு எதிராகப் பேசப் போகிறவரிடம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நினைப்பான். வக்கீலை மறுத்ததாகப் பதிவாகிவிடும், விசாரணை தொடங்கிவிடும். ஒரு சொல் பேஸ் 58ஆம் பிரிவு தரும் உரிமையையே தின்றுவிடுகிறது.

'முஃப்த் கானூனி மஷ்வரா' (இலவச சட்ட ஆலோசனை) என்று தொடங்கி, 'ஐஸே வக்கீல் ஸே ஜிஸ் கா போலீஸ் ஸே கோயி தஅல்லுக் நஹீன்' என்று முடியுங்கள். போலீசோடு சம்பந்தமில்லாத வக்கீல் என்ற பகுதி அலங்காரம் இல்லை. ஆங்கில அறிவிப்பிலேயே சொலிசிட்டர்கள் போலீசைச் சாராதவர்கள் என்று இருக்கிறது.

#3 வடாற்காடு நஸீர்

பாலாற்றங்கரை சொன்னது சரி. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முல்ஸிம். உருதுவில் மூன்று படி இருக்கிறது. முஷ்தபா (சந்தேகத்துக்குரியவர்), முல்ஸிம் (குற்றம் சாட்டப்பட்டவர்), முஜ்ரிம் (குற்றவாளி). பாகிஸ்தான் செய்தித்தாளில் எஃப்ஐஆரில் பெயர் வந்த உடனே முல்ஸிம் ஆகிவிடுவதால் மொழிபெயர்ப்பாளர் கை அதற்குப் போகிறது. இங்கே சார்ஜ் ஆகும் முன் உள்ள நிலை என்பதால் 'முஷ்தபா'தான். அதைவிட நல்லது, அறிவிப்பு முழுவதும் 'ஆப்' (நீங்கள்) என்று நேரடியாகப் பேசுவது. ஆங்கில மூலமும் அப்படித்தான் பேசுகிறது. சஸ்பெக்ட் என்ற சொல்லே தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு.

ஃபர்தே ஜுர்ம். இது ஆபத்தானது. பாகிஸ்தான் நடைமுறையில் ஃபர்தே ஜுர்ம் என்பது நீதிமன்றம் முறைப்படி வகுக்கும் குற்றச்சாட்டு. வழக்கு கோர்ட்டுக்குப் போய், விசாரணைக்கு முன் நடக்கும் கட்டம். இங்கிலாந்தில் சார்ஜ் என்பது காவல் நிலையத்திலேயே நடக்கிறது. கனமான வழக்குகளில் அரசு வழக்குத் துறை முடிவெடுக்க, போலீஸ் செய்கிறது. 'ஃபர்தே ஜுர்ம் ஆயித் ஹோனே தக்' (ஃபர்தே ஜுர்ம் சாட்டப்படும் வரை) என்று எழுதினால் படிப்பவர் நீதிபதி முன் நிற்கும் நாளை நினைத்துக்கொள்வார். சார்ஜ் செய்யாமல் காவலில் வைக்கக்கூடிய 24 மணி நேரக் கணக்கே தலைகீழாகிவிடும். 'பாகாயிதா இல்ஸாம் ஆயித் கர்னா' (முறைப்படி குற்றம் சாட்டுதல்) போதும். ஆனால் அதே தாளில் 'அலிகேஷன்' வருகிற இடத்தில் வெறும் 'இல்ஸாம்' போட்டிருந்தால் இரண்டும் குழம்பும். சார்ஜுக்கு எங்கும் 'பாகாயிதா' விட்டுப்போகக் கூடாது என்று சொல்பட்டியலில் எழுதி வையுங்கள்.

தர்ஜுமான். இலக்கண ரீதியில் சரி. ஆனால் 'போலீஸ் கா தர்ஜுமான்' என்றால் எல்லா உருதுச் செய்தியிலும் போலீஸ் செய்தித் தொடர்பாளர். 'போலீஸ் ஆப் கே லியே தர்ஜுமான் கா இன்திஸாம் கரேகி' (போலீஸ் உங்களுக்கு தர்ஜுமான் ஏற்பாடு செய்யும்) என்ற வரியைப் படித்தால் பத்திரிகைக்குப் பேசுகிறவர் வந்து நிற்பார் போலிருக்கிறது. 'முதர்ஜிம்' போடுங்கள். எழுத்து மொழிபெயர்ப்பாளர், வாய்மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும் அது பொது என்பது உண்மைதான். 'ஸபானி தர்ஜுமா கர்னே வாலா' (வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர்) என்று முதல் முறை விரித்துவிட்டால் அப்புறம் முதர்ஜிம் தாங்கும்.

முனாசிப் பாலிக். பாலிக் என்றால் பருவமடைந்தவர். 'தகுந்த பருவமடைந்தவர்' என்று வருகிறது. கண்றாவி. ஆங்கிலச் சொல்லையே உருது எழுத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு வரி: 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கோ மனநலக் காரணத்தால் பாதிக்கப்படக்கூடியவருக்கோ துணையாக வரும், போலீசில் வேலை செய்யாத பெரியவர்.

#4 மொழிக்கூலி

நன்றி பாய். ஸமானத் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

#5 வடாற்காடு நஸீர்

சொல் சரி, சுமை வேறு. ஸமானத் என்றதும் பணம், ஸாமின் (பிணை நிற்பவர்), முச்சல்கா (எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரம்) மூன்றும் கூடவே வரும். பாகிஸ்தான் காரர் சொந்தக்காரருக்கு போன் போட்டு ஆள் தேடச் சொல்வார். இங்கிலாந்தில் போலீஸ் தரும் பெயிலுக்குப் பொதுவாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. குறித்த நாளில் நிலையத்துக்கு வர வேண்டும், சில நிபந்தனைகள் இருக்கலாம், அவ்வளவுதான். 'போலீஸ் பெயில்' என்று உருது எழுத்தில் எழுதி ஸமானத்தை அடைப்பில் தரலாம்.

தமிழில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் கோர்ட் தமிழில் பாதி உருதுதான், ஆனால் பொருள் நகர்ந்துவிட்டது. நம் ஜாமீன் விடுதலையைக் குறிக்கிறது. உருது ஸாமின் பிணை நிற்கும் ஆளைக் குறிக்கிறது. நம் வாய்தா ஒத்திவைப்பு. உருது வஅதா வெறும் வாக்குறுதி, கோர்ட் தேதிக்கு அங்கே 'பேஷி' அல்லது 'தாரீக்'. கைதி என்பதும் அப்படித்தான். பாகிஸ்தான் சிறையில் தண்டனை பெற்றவர் கைதி, விசாரணையில் இருப்பவர் ஹவாலாதி. காவல் நிலையத்தில் இருப்பவரை உருதுவில் கைதி என்று எழுதினால் தீர்ப்பே வந்துவிட்டது போல ஆகிவிடும்.

#6 கோர்ட்டுமூலை

சொல்பட்டியல் விஷயம் நன்றாகப் போகிறது. ஆனால் காஷன் வாசகத்தை யாரும் தொடவில்லையே. அதுதானே அந்தத் தாளின் உயிர்? தன்பீஹ் என்ற தலைப்பை விடுங்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறார்?

#7 மொழிக்கூலி

தமிழ் எழுத்தில் தருகிறேன், வரைவில் உள்ளபடியே:

"ஆப் கோ குச் நஹீன் கெஹ்னா சாஹியே. லேகின் அகர் ஆப் நே பூச் கச் மேன் வோ பாத் ந பதாயி ஜிஸ் பர் ஆப் பஅத் மேன் அதாலத் மேன் பரோஸா கரேன் தோ ஆப் கே திஃபா கோ நுக்ஸான் ஹோகா. ஆப் ஜோ குச் கஹேங்கே வோ ஆப் கே கிலாஃப் ஸபூத் கே தௌர் பர் இஸ்தெமால் ஹோகா."

#8 பாலாற்றங்கரை

அல்லாஹ். மூன்று வாக்கியத்தில் ஐந்து பிழை.

1994ஆம் வருஷத்துக் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வந்த பிறகு, 1995 ஏப்ரலில் இருந்து உள்ள ஆங்கில வாசகம் சொல்வது இதுதான்: நீங்கள் எதையும் சொல்லியாக வேண்டியதில்லை; ஆனால் பிற்பாடு கோர்ட்டில் நீங்கள் துணைக்கு எடுக்கப்போகும் ஒன்றை, இப்போது கேட்கையில் சொல்லாமல் விட்டால் உங்கள் தரப்புக்குக் கெடுதல் ஆகலாம்; நீங்கள் சொல்வது எதுவும் சாட்சியமாக முன்வைக்கப்படலாம்.

வரைவில் உள்ளவை:

1) 'குச் நஹீன் கெஹ்னா சாஹியே' என்றால் "எதுவும் சொல்லக் கூடாது". சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் சொல்லாதே என்பதும் ஒன்றா? இதைக் கேட்டு வாய் மூடுகிறவர் அடுத்த வாக்கியத்தின்படியே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்கிறார். 'ஆப் கே லியே குச் கெஹ்னா லாஸ்மி நஹீன்' (நீங்கள் எதையும் சொல்வது கட்டாயமில்லை) என்று எழுதுங்கள். 'ஸரூரத் நஹீன்' (தேவையில்லை) என்றும் போடலாம், ஆனால் அது "சிரமப்பட வேண்டாம், விடுங்க" என்று போலீஸ் அறிவுரை சொல்வது போலக் கேட்கும். 'பாபந்த் நஹீன்' (கட்டுப்பட்டவரல்ல) சட்டப்படி மிகச் சுத்தம், கொஞ்சம் உயர்ந்த நடை.

2) 'பரோஸா கரேன்' என்றால் நம்புதல். ஒரு ஆளை நம்புவது மாதிரி. 'ஜிஸ் கா ஸஹாரா லேன்' (துணைக்கு எடுப்பது) பொருந்தும். 'இன்ஹிசார் கரேன்' அகராதிக்குச் சரி, படிப்பு குறைந்தவருக்குப் பிடிபடாது.

3) 'நுக்ஸான் ஹோகா': கெடுதல் ஆகும். மூலத்தில் ஆகலாம். 'ஹோ ஸக்தா ஹை' (ஆகலாம்) கட்டாயம். மௌனத்தை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்பது கோர்ட்டின் விருப்பம். மௌனம் ஒன்றையே வைத்துக் குற்றவாளி என்று தீர்க்க முடியாது என்று 38ஆம் பிரிவு சொல்கிறது.

4) 'ஆப் கே கிலாஃப்'. உங்களுக்கு எதிராக என்பது மூலத்தில் இல்லவே இல்லை. அமெரிக்கப் போலீஸ் வாசகத்தில் இருப்பது, சினிமா வழியாக உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்து வாசகம் வேண்டுமென்றே பொதுவாக இருக்கிறது. சொல்வது அவருக்குச் சாதகமாகவும் வரலாம்.

5) 'இஸ்தெமால் ஹோகா', மறுபடி உறுதி எதிர்காலம். 'பேஷ் கியா ஜா ஸக்தா ஹை' (முன்வைக்கப்படலாம்) என்று வர வேண்டும்.

இது தவிர பூச் கச் (விசாரணை). செய்தித்தாள் உருது, எல்லோருக்கும் புரியும், ஆனால் காதில் அடி உதை வாடை அடிக்கும். 'ஸவாலாத் கே தௌரான்' (கேள்விகளின்போது) போதும்.

#9 கோர்ட்டுமூலை

திஃபாவை விட்டுவிட்டீர்களே மேடம். திஃபா என்றால் ராணுவப் பாதுகாப்பு, வஸாரத்தே திஃபா (பாதுகாப்பு அமைச்சகம்) மாதிரி. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலுக்கு 'வக்கீலே ஸஃபாயி' என்றுதானே சொல்கிறார்கள்? 'ஆப் கீ ஸஃபாயி கோ நுக்ஸான்' என்று வர வேண்டாமா?

#10 பாலாற்றங்கரை

தெரிந்துதான் விட்டேன். வக்கீலே ஸஃபாயி என்ற கூட்டில் ஸஃபாயி நிற்கும். தனியாக 'ஆப் கீ ஸஃபாயி கோ நுக்ஸான்' என்றால் துப்புரவுக்குக் கேடு என்று சிரிப்பார்கள். 'அப்னே திஃபா மேன்' என்று கோர்ட் செய்திகளில் சகஜமாக வருகிறது. எனக்கு திஃபா போதும்.

#11 வடாற்காடு நஸீர்

இதில் எனக்கு உடன்பாடில்லை மேடம். 'ஆப் கே மௌகிஃபே ஸஃபாயி கோ' (உங்கள் தற்காப்பு நிலைப்பாட்டுக்கு) என்று நீட்டினால் துப்புரவுக் குழப்பம் வராது, சட்ட உருதுவின் சொல்லும் நிலைக்கும். ஆனால் நீளம். வாயால் சொல்லும்போது திஃபா, அச்சில் மௌகிஃபே ஸஃபாயி என்றால் இரண்டு வாசகம் ஆகிவிடும். அது இன்னும் மோசம். மொழிக்கூலி, ஒன்றைத் தேர்ந்துகொண்டு தாள், அட்டை, ஒலிப்பதிவு மூன்றிலும் அதையே வையுங்கள்.

சாட்சியம் என்பதற்கு வரைவில் ஸபூத் என்று இருக்கிறது. அதற்கு நான் ஷஹாதத் பக்கம். பாகிஸ்தான் சாட்சியச் சட்டத்தின் பெயரே கானூனே ஷஹாதத், அதுவும் 1984தான், பேஸ் வந்த அதே வருஷம். ஸபூத் என்றால் நிரூபணம் ஆன மாதிரி. ஷஹாதத்துக்கு வீரமரணம் என்ற பொருள் முன்னே நிற்பதால், 'அதாலத் மேன் பதௌரே ஷஹாதத்' (கோர்ட்டில் சாட்சியமாக) என்று கோர்ட்டைச் சேர்த்துவிடுங்கள், தெளிந்துவிடும்.

#12 லண்டன் வடமராட்சி

கோட் சி 10.7ஐயும் பாருங்கோ. வாசகத்தில் சின்ன மாறுதல் இருந்தாலும் பொருள் கெடாவிட்டால் விதி மீறல் இல்லை எண்டு அதில் இருக்கு. அதனால் திஃபாவா ஸஃபாயியா எண்டதில் வழக்கு உடையாது. 'சொல்லக் கூடாது' எண்டதில் உடையும்.

இன்னொரு விஷயம் ஒருத்தரும் சொல்லேல்லை. காஷன் ஒண்டில்லை, இரண்டு. வக்கீலோடு கதைக்க வாய்ப்புக் குடுக்காமல் கேள்வி கேட்கிற சில சூழ்நிலையில் மௌனத்தை எதிராக எடுக்க ஏலாது. 1999ஆம் வருஷச் சட்டம் 34ஆம் பிரிவில் சேர்த்த விலக்கு அது. அப்போ நடு வாக்கியம் இல்லாத சுருக்க வாசகத்தைச் சொல்ல வேணும், கோட் சி இணைப்பு சியில் இருக்கு. உருது அட்டையில் நீட்டு வாசகம் மட்டும் இருந்தால், ஆங்கிலத்தில் அதிகாரி சுருக்கத்தைச் சொல்ல, கையில் உள்ள தாளில் வேறொண்டு இருக்கும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு, எது எப்போ எண்டு ஆங்கிலத்தில் தலைப்புக் குடுங்கோ, அதிகாரிக்காக.

தமிழ்த் தாள்களிலும் இதே வருத்தம்தான். 'சொல்லத் தேவையில்லை', 'சொல்ல வேண்டாம்' இரண்டையும் மாறி மாறிப் போட்டு வைப்பினம்.

#13 மொழிக்கூலி

இரண்டாவது வாசகம் வரைவில் இல்லவே இல்லை. வாடிக்கையாளரிடம் கேட்கிறேன். ஸ்காட்லாந்துக்கும் இதே தாளைப் பயன்படுத்தப் போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. சரியா?

#14 லண்டன் வடமராட்சி

வேண்டாம். ஸ்காட்லாந்துக்கு 2016 சட்டம் தனி. அங்கே விசாரணையில் மௌனமாய் இருந்ததை வைத்து எதிரான முடிவுக்கு வர ஏலாது, அதனால் 'திஃபா கோ நுக்ஸான்' வரி அங்கே பொய். காவல் நேரமும் 12 மணித்தியாலம், நீட்டினால் 24. இங்கிலாந்தில் 24, பாரிய குற்றமெண்டால் சூப்பரின்டெண்டன்ட் 36 வரை நீட்டலாம், மாஜிஸ்திரேட் கோர்ட் மூலம் அதிகபட்சம் 96. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டுக்குச் செய்த தாளை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு அனுப்பக் கூடாது.

#15 சட்டம்படிப்பவள்

ஒரு சந்தேகம். பாகிஸ்தானில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதுதானே, நம்ம ஊர் மாதிரி? அப்போ உருது வாசகர் மூன்றாவது வாக்கியத்தைப் படித்தாலும் நம்ப மாட்டாரே?

#16 கோர்ட்டுமூலை

நல்ல கேள்வி. கானூனே ஷஹாதத் 38, 39ஆம் விதிகள் அதைத்தான் சொல்கின்றன. மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால்தான் எடை. ஆகவே "போலீஸ்காரனிடம் என்ன சொன்னால் என்ன, கோர்ட்டில் மாற்றிக்கொள்ளலாம்" என்ற நினைப்போடு வருகிறவர் உண்டு. இங்கிலாந்தில் போலீஸ் விசாரணையில் சொன்னது ஒலிப்பதிவாகி நேரே கோர்ட்டுக்கு வரும். நிர்ப்பந்தத்திலோ நம்பகத்தைக் கெடுக்கும் சூழலிலோ வந்தது என்றால்தான் பேஸ் 76ஆம் பிரிவில் தள்ளுவார்கள்.

ஆனால் இதை மொழிபெயர்ப்பாளர் தாளில் சேர்க்கக் கூடாது. முதர்ஜிம் வாயால் விளக்கவும் கூடாது. புரியவில்லை என்று தெரிந்தால் அதிகாரி தன் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும் என்று கோட் சி குறிப்பு 10டி சொல்கிறது; அந்த விளக்கத்தை முதர்ஜிம் மொழிபெயர்ப்பார். 'அதாலத் மேன்' என்ற சொல் மூன்றாம் வாக்கியத்தில் இருந்தாலே பாதி வேலை நடக்கும்.

#17 வடாற்காடு நஸீர்

மீதி வரிகளில் வழக்கமாகச் சறுக்கும் இடங்களையும் போட்டுவிடுகிறேன்.

ஒருவருக்குத் தகவல் சொல்லும் உரிமை (பேஸ் 56ஆம் பிரிவு) 'ஃபோன் கர்னே கா ஹக்' (போன் செய்யும் உரிமை) ஆகிவிடும், அதுவும் சினிமாதான். உரிமை என்பது, நான் இங்கே இருக்கிறேன் என்று போலீஸ் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. தானே போனில் பேசுவது தனி வசதி. 'கிஸி கோ இத்திலா திலவானே கா ஹக்'. 'தேனே' என்று எழுதினால் தானே தெரிவிப்பது. 'திலவானே' என்றால்தான் இன்னொருவர் மூலம் தெரிவிக்கச் செய்வது. ஒரு விகுதிதான் வித்தியாசம்.

தூதரக வரி: 'ஸஃபாரத் கானே ஸே ராப்தா கியா ஜாயேகா' என்று பலர் எழுதுகிறார்கள். தூதரகத்தைத் தொடர்புகொள்வோம் என்று ஆகிறது. அடைக்கலம் கேட்டு வந்தவருக்கு இதைவிடப் பெரிய பயம் வேறில்லை. அப்படிப்பட்டவரைப் பற்றி அவர் வெளிப்படையாகக் கேட்டால் ஒழியத் தூதரகத்துக்குச் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. 'அகர் ஆப் சாஹேன் தோ' (நீங்கள் விரும்பினால்) என்று வரியைத் தொடங்குங்கள். பாகிஸ்தான், இந்தியா இரண்டுக்கும் லண்டனில் இருப்பது ஹை கமிஷன். ஆகவே ஹை கமிஷன், ஸஃபாரத் கானா (தூதரகம்), கௌன்ஸல் கானா (துணைத் தூதரகம்) மூன்றும் வேண்டும்.

நஸர்பந்த் வேண்டாம், அது தடுப்புக்காவல். ஹிராசத் (போலீஸ் காவல்) போதும்.

காஷன் தலைப்புக்கு வருகிறேன். இங்கிலாந்தில் இதே சொல் இரண்டு வேலை செய்கிறது: கேள்விக்கு முன் சொல்லும் வாசகம் ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொண்டவரைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் எச்சரித்துப் பதிவு செய்து விடுவது இன்னொன்று. இரண்டுக்கும் தன்பீஹ் போட்டால், வாசகத்தைக் கேட்டவர் தனக்குத் தண்டனை மாதிரி ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைப்பார். வாசகத்துக்கு 'கானூனி இன்திபாஹ்' (சட்ட எச்சரிக்கை), மற்றதற்கு உருது எழுத்தில் 'போலீஸ் காஷன்' என்று பிரித்துவிடுங்கள்.

#18 சட்டம்படிப்பவள்

இவ்வளவு ஆங்கிலம் உருதுத் தாளில் இருந்தால் வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா?

#19 லண்டன் வடமராட்சி

ஒப்புக்கொள்ள வேணும் தங்கச்சி. சொலிசிட்டர், பெயில், கஸ்டடி எல்லாம் அங்கத்தே உருதுச் சனம் தினம் பாவிக்கிற சொல்லு. அதிகாரி வாயிலையும் அதே சொல்லுத்தான் வரும். தாளில் உள்ளதும் காதில் விழுறதும் பொருந்தும்.

அதைவிடப் பெரிய சிக்கல், உருது யாருக்கு எண்டது. பிரிட்டன் பாகிஸ்தானியரில் பெரும் பங்கு பாகிஸ்தான் கையிலுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர்ப் பக்கம். 1967இல் முடிந்த மங்களா அணைக்காக ஊர் இழந்த குடும்பங்களும் அதில் சேர்த்தி. வீட்டில் பேசுறது பஹாரி-போட்வாரி, எழுத்தில் உருது. பிரிட்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வாசிக்க வரும். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் உருதுவை முதன்மை மொழி எண்டு சொன்னது சுமார் 2,70,000 பேர். 'உருது வேணுமா?' எண்டு கேட்டால் ஓம் எண்டு தலையாட்டி, தாளைத் தலைகீழாய்ப் பிடிக்கிற ஆளும் இருப்பார். அதனால் ஒலிப்பதிவு கட்டாயம்.

#20 எழுத்துருப் பித்தன்

சொல் சண்டை முடிந்தால் என் பக்கத்துக்கு வாருங்கள். தாள் அச்சில்தான் நாறும்.

வரைவு இன்பேஜில் (உருது அச்சுக்கோர்ப்பு மென்பொருள்) வந்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு சொல் இடைவெளி ஒட்டிப்போகும், கண்ணால் ஒரு முறை முழுக்கப் படிக்க வேண்டும். அரபு விசைப்பலகையில் அடித்த யே, காஃப் எழுத்துகள் பார்வைக்கு உருது எழுத்து மாதிரியே இருக்கும், குறியெண் வேறு. தேடினால் கிடைக்காது, சில எழுத்துருவில் வடிவம் உடையும். மொத்தமாகத் தேடி மாற்றுங்கள்.

உருது அச்சில் வரும் நஸ்தஅலீக் சரிந்து இறங்கும் எழுத்து. ஆங்கிலத் தாளின் வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல் வரியின் வால் கீழ் வரிப் புள்ளியில் மோதும். குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுங்கள். இரண்டு பக்கத் தாள் மூன்று பக்கம் ஆகும் என்று வாடிக்கையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் எழுத்தைச் சுருக்கினால் காவல் அறை வெளிச்சத்தில் யாராலும் படிக்க முடியாது.

எண்கள்: '24-36' என்று கோடு போட்டால் வலமிருந்து இடம் ஓடும் வரியில் 36-24 என்று திரும்பிக்கொள்ளும். '24 ஸே 36' (24 முதல் 36) என்று சொல்லால் எழுதுங்கள்.

#21 மொழிக்கூலி

பிடிஎஃப் ஆக்கிய பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

#22 எழுத்துருப் பித்தன்

எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று. பிறகு உருதுவே நிறுவாத ஒரு கணினியில் திறந்து, காகிதத்தில் அச்சடித்து, உருது வாசிக்கும் ஒருவரிடம் காஷன் பெட்டியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தட்டுகிறாரோ அங்கே புள்ளி விழுந்திருக்கும் அல்லது இடைவெளி போயிருக்கும். அந்த ஆள் ஆங்கில மூலத்தைப் பார்த்தவராக இருக்கக் கூடாது.

#23 பாலாற்றங்கரை

அவரையே வைத்துப் பின்மொழிபெயர்ப்பும் (உருதுவிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு) வாங்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் மூன்று கேள்வி: பேசியே ஆக வேண்டுமா? பேசாவிட்டால் என்ன ஆகலாம்? வக்கீல் யார் பக்கம்? முதல் கேள்விக்கு "பேசக் கூடாது" என்று பதில் வந்தால் தாளை அனுப்பாதீர்கள்.